எல்எம்35 உணரியும் 16×2 எல்சிடியும் கொண்டு ஆர்டுயினோவில் அறை வெப்பமானி அமைக்கும் வழி

அனலாக் உணரி ஒன்றையும் எழுத்துத் திரை ஒன்றையும் நிரலேற்றி இயக்கும் சில்லான மைக்ரோகன்ட்ரோலரோடு இணைக்கக் கற்பவர்கள் பெரும்பாலும் இடறுவது கம்பிகளை இணைப்பதில் அன்று. திரையில் ஓர் எண் தோன்றிய உடனே அதை நம்பிவிடுவதில்தான். கம்பி கழன்று கிடந்தாலும், கணக்கு பிழையாக இருந்தாலும், உணரியே பழுதாகியிருந்தாலும் திரை ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆகையால் உணரியைத் தனியே, திரையைத் தனியே இயக்கிப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்தையும் மல்டிமீட்டரால் சோதித்த பிறகே இரண்டையும் சேர்க்கும்படி இவ்வழிகாட்டியை அமைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்ட உணரி எல்எம்35 என்னும் வெப்ப உணரி. பலகை அத்தகைய சில்லைக் கொண்ட ஆர்டுயினோ யூனோ. திரை வரிக்குப் பதினாறு எழுத்துகளாக இரண்டு வரி காட்டும் சாதாரண எல்சிடி.

வாங்க வேண்டியவை

யூனோ பலகை, அதற்குரிய யுஎஸ்பி கேபிள், எல்எம்35 டிஇசட் என்று அச்சிட்ட உணரி, 16×2 எல்சிடி, பதினாறு முனையுள்ள பெர்க் ஸ்ட்ரிப் (வரிசையாக ஊசிகள் உள்ள பட்டை), 10 கிலோ ஓம் பிரீசெட் (திருப்பி மாற்றக்கூடிய மின்தடை), 220 ஓம் மின்தடை, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர், பிரெட்போர்டு (பற்றவைக்காமல் செருகி இணைக்கும் துளைப் பலகை), ஜம்பர் கம்பிகள், ஒரு மல்டிமீட்டர் ஆகியவை போதும். சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் இவை எல்லாம் ஒரே கடையில் கிடைத்துவிடும். பிரீசெட்டின் மேல் 103 என்றும் கெபாசிட்டரின் மேல் 104 என்றும் எழுதியிருக்கும். முதலிரண்டு இலக்கங்களுக்குப் பின் எத்தனை சுழியம் என்பதையே மூன்றாம் இலக்கம் சொல்கிறது. 103 என்பது 10,000 ஓம்; 104 என்பது 1,00,000 பிகோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். 220 ஓம் மின்தடையில் சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்ற வரிசையில் பட்டைகள் இருக்கும்.

எல்எம்35 பார்ப்பதற்கு ஒரு சாதாரண டிரான்சிஸ்டரைப் போலவே மூன்று கால்களோடு, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கடைக்காரர் அவசரத்தில் பக்கத்துப் பெட்டியிலிருந்து பிசி547 டிரான்சிஸ்டரை எடுத்துக் கொடுத்துவிடுவதும் உண்டு என்பதால், கடையிலேயே வெளிச்சத்தில் சாய்த்து மேலே உள்ள எழுத்தைப் படித்துவிடுவது நல்லது. டிஎம்பி36 என்ற மற்றோர் உணரிக்கும் இதே கால் வரிசைதான். ஆனால் அது சுழியம் டிகிரியிலேயே 500 மில்லிவோல்ட் கொடுக்கும். அதை எல்எம்35 என்று எண்ணிக்கொண்டு கணக்கிட்டால் அறையின் வெப்பம் 80 டிகிரி என்று வரும்.

உணரியை நிரல் இல்லாமல் சோதித்தல்

எல்எம்35 வேலை செய்யும் விதம் எளிமையானது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அதன் நடுக்காலில் மின்னழுத்தம் 10 மில்லிவோல்ட் ஏறும். அறையில் 30 டிகிரி என்றால் 300 மில்லிவோல்ட். 37 டிகிரி என்றால் 370. டிகிரி எண்ணைப் பத்தால் பெருக்கினால் மில்லிவோல்ட் கிடைத்துவிடுகிறது என்பதால், மல்டிமீட்டர் மட்டும் வைத்துக்கொண்டே இதை ஒரு வெப்பமானியாகப் பயன்படுத்தலாம். புதியவர்களுக்கு நான் இந்த உணரியைப் பரிந்துரைப்பதற்குக் காரணமும் அதுவே: நிரல் எழுதுவதற்கு முன்பே சரியான விடை கையில் இருக்கும்.

தட்டையான பக்கம் உங்களை நோக்கியும் கால்கள் கீழ் நோக்கியும் இருக்கும்படி உணரியைப் பிடியுங்கள். இடக்கால் மின்வழங்கலுக்கு, நடுக்கால் வெளியீட்டுக்கு, வலக்கால் கிரவுண்டுக்கு, அதாவது மின்வழங்கலின் சுழிய முனைக்கு. மூன்றையும் பிரெட்போர்டில் தனித்தனி வரிசைகளில் செருகி, இடக்காலை யூனோவின் 5 வோல்ட் முனைக்கும், வலக்காலை கிரவுண்டு முனைக்கும் இணையுங்கள். நடுக்காலை இப்போதைக்கு எதனோடும் இணைக்க வேண்டாம். 104 கெபாசிட்டரை உணரியின் இடக்காலுக்கும் வலக்காலுக்கும் குறுக்கே, கால்களுக்கு மிக அருகில் செருகிவிடுங்கள்.

யுஎஸ்பி கேபிளைச் சொருகுவதற்கு முன் கால்களின் வரிசையை மறுமுறை பாருங்கள். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது உணரியின் வளைந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கால்களை எண்ணிவிட்டேன். மின்சாரம் கொடுத்துச் சில நொடிகளில் உணரியைத் தொட்டுப் பார்த்த விரல்நுனி சுட்டு, இரண்டு நாள் வரை தழும்பு தெரிந்தது. மாற்றி இணைத்த எல்எம்35 இப்படித்தான் கொதிக்கும். உடனே கேபிளைப் பிடுங்கினால் சில வேளை பிழைத்துக்கொள்ளும், என்றாலும் அதற்குப் பிறகு அது காட்டும் அளவை நான் நம்புவதில்லை. சரியாக இணைத்த உணரி தன்னால் சிறிதும் சூடாகாது. அது எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஏறத்தாழ 60 மைக்ரோஆம்பியர்தான்.

இப்போது மல்டிமீட்டரை நேர்மின்சாரம் 2 வோல்ட் வரம்பில் வைத்து, கறுப்பு முனையை உணரியின் வலக்காலிலும் சிவப்பு முனையை நடுக்காலிலும் வையுங்கள். 0.300க்கு அருகில் ஏதேனும் ஓர் எண் வர வேண்டும். இரு விரல்களால் உணரியைப் பற்றிக்கொண்டால் அந்த எண் மெல்ல மெல்ல ஏறி 0.330ஐத் தாண்ட வேண்டும். விட்டதும் இறங்க வேண்டும். எண் அசையாமல் நின்றாலோ, 5 வோல்ட்டை ஒட்டி இருந்தாலோ இணைப்பில் பிழை இருக்கிறது, அல்லது உணரி பழுது. இந்த இடத்தில் தெரிந்த எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

யூனோ தரும் எண்ணும் அளவுகோலும்

யூனோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லுக்குள் அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி ஒன்று இருக்கிறது. அது பத்து பிட் அளவுடையது. அதாவது சுழியத்திலிருந்து 1023 வரை 1024 படிகளில் ஏதேனும் ஒன்றைத்தான் விடையாகத் தரும். எந்த அளவுகோலை 1024 ஆகப் பிரிப்பது என்பது நாம் தேர்ந்தெடுக்கும் விஷயம். ஒன்றும் சொல்லாவிட்டால் பலகையின் 5 வோல்ட் வழங்கலையே அது அளவுகோலாக எடுத்துக்கொள்ளும்.

உணரியின் நடுக்காலை ஏ0 என்ற முனையோடு இணையுங்கள். ஆர்டுயினோ மென்பொருளின் எடுத்துக்காட்டுகள் பட்டியலில் அடிப்படைகள் என்ற பிரிவில் அனலாக்ரீட்சீரியல் என்ற நிரல் இருக்கும். அதைத் திறந்து பலகையில் ஏற்றி, பலகை அனுப்பும் எண்களைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரை 9600 வேகத்தில் திறந்தால் எண்கள் ஓடத் தொடங்கும். உணரியில் 300 மில்லிவோல்ட் இருந்தால் 61 அல்லது 62 என்று வர வேண்டும், ஏனெனில் 5 வோல்ட்டை 1024 ஆகப் பிரித்தால் ஒரு படிக்கு 4.88 மில்லிவோல்ட் ஆகிறது. எண்கள் காரணமில்லாமல் நூற்றுக்கணக்கில் தாவிக்கொண்டிருந்தால் நடுக்காலின் கம்பி ஏ0வில் சரியாக உட்காரவில்லை; எதனோடும் இணையாத அனலாக் முனை காற்றில் உள்ள மின்காந்த அலைகளையெல்லாம் பிடித்து இப்படித்தான் ஏதேதோ சொல்லும்.

இங்கே இரண்டு குறைகள் தென்படும். முதலாவது, ஒரு படி என்பது ஏறத்தாழ அரை டிகிரி. எனவே காட்டும் வெப்பம் 29.8, 30.3, 30.8 என்று தாவித் தாவித்தான் போகும். இரண்டாவது இதைவிடப் பெரியது. யுஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட் உண்மையில் 5 வோல்ட்டாக இருப்பது அரிது. சில கணினிகளில், நீண்ட கேபிளோ ஹப்போ இடையில் இருந்தால், அது 4.7 வரை இறங்கிவிடும். அளவுகோல் சுருங்கினால் அதே நீளம் பெரிதாகத் தெரியும் அல்லவா? 4.7 வோல்ட் அளவுகோலில் 300 மில்லிவோல்ட் 65 என்று வரும்; நிரலோ அது 5 வோல்ட் என்றே எண்ணிக்கொண்டு 31.7 டிகிரி என்று காட்டும். உணரியும் அறையும் மாறாதிருக்க, கேபிளை ஒரு சொருகியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியதும் வெப்பம் ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது போலத் தெரியும். இதைக் கண்ணால் காண விரும்பினால், யூனோவின் 3.3 வோல்ட் முனையை ஏ0வோடு இணைத்துப் பாருங்கள். வழங்கல் சரியாக 5 வோல்ட் என்றால் 676 ஐ ஒட்டிய எண் வரும், 4.8 என்றால் 704 வரும்.

இரண்டு குறைகளுக்கும் ஒரே மருந்து சில்லுக்குள்ளேயே இருக்கிறது. வழங்கல் ஏறினாலும் இறங்கினாலும் மாறாத 1.1 வோல்ட் உள் அளவுகோல் ஒன்று அதில் உண்டு. நிரலில் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஓடும் செட்அப் பகுதியில் அனலாக்ரெஃபரன்ஸ் என்ற கட்டளைக்கு இன்டர்னல் என்ற சொல்லை, அனைத்தும் பெரிய எழுத்துகளாக, கொடுத்தால் அது நடைமுறைக்கு வரும். அதன் பிறகு ஒரு படி 1.07 மில்லிவோல்ட், அதாவது டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. உச்ச வரம்பு 110 டிகிரியாகச் சுருங்குகிறது. அறை வெப்பமானிக்கு அதனால் இழப்பு எதுவும் இல்லை. அளவுகோலை மாற்றிய உடனே வரும் முதல் சில அளவீடுகள் சரியாக இருக்காது என்பதால் நான்கைந்தைப் படித்துத் தள்ளிவிட வேண்டும். இந்த ஏற்பாட்டில் இருக்கும்போது பலகையின் ஏரெஃப் (அளவுகோல்) முனைக்கு வெளியிலிருந்து எந்த மின்னழுத்தத்தையும் கொடுக்கக் கூடாது. உள் அளவுகோலும் வெளி மின்னழுத்தமும் நேருக்கு நேர் மோதிச் சில்லு கெட்டுவிடும்.

மாறாதது என்றேனே ஒழிய, எல்லாச் சில்லிலும் அது சரியாக 1.1 என்று சொல்லவில்லை. தயாரிப்பாளரின் விவரத்தாள் 1.0 முதல் 1.2 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று இடம் விட்டிருக்கிறது. உங்கள் சில்லில் அது 1.08 என்றால் 30 டிகிரி அறை 30.5 என்று தெரியும், 1.0 என்றால் 33 ஆகிவிடும். ஆனால் ஒரு சில்லில் எவ்வளவோ, அது அப்படியே நிலைத்திருக்கும். எனவே ஒருமுறை அளந்துவிட்டால் போதும்: நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரின் சிவப்பு முனையை ஏரெஃப் முனையிலும் கறுப்பை கிரவுண்டிலும் வைத்து, கிடைக்கும் எண்ணை, 1.083 என்பது போல, நிரலின் தொடக்கத்தில் ஒரு மாறிலியாக எழுதிக்கொள்ளுங்கள். பலகையை மாற்றினால் இந்த எண்ணையும் மறக்காமல் மாற்ற வேண்டும்.

திரையைத் தனியே எழுப்புதல்

உணரியின் கம்பிகளை அப்படியே விட்டுவிட்டுத் திரைக்கு வருவோம். புதிதாக வாங்கும் எல்சிடியின் மேல் விளிம்பில் பதினாறு துளைகள் மட்டும் இருக்கும். பெர்க் ஸ்ட்ரிப்பைச் செருகிச் சால்டர் (ஈயப் பற்று) வைத்தாக வேண்டும். துளைக்குள் செருகி வைத்தாலே தொட்டுக்கொண்டிருக்கும் என்று எண்ணி வேலையைத் தொடங்கியவர்கள் எத்தனையோ மாலைகளை வீணாக்கியிருக்கிறார்கள். சால்டரிங் அயர்ன் இல்லையென்றால் அருகில் உள்ள மொபைல் பழுதுபார்க்கும் கடையில் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார்கள்.

இந்தத் திரைகளை இயக்குவது ஹிட்டாச்சி நிறுவனம் வடிவமைத்த எச்டி44780 என்ற சில்லு அல்லது அதைப் பின்பற்றிய வேறொன்று. அதனால் எந்தக் கடையில் எந்தப் பெயரில் வாங்கினாலும் முனைகளின் பொருள் பெரும்பாலும் ஒன்றே. முதல் முனை கிரவுண்டு; இரண்டாவது 5 வோல்ட்; மூன்றாவது எழுத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கான்ட்ராஸ்ட். நான்காவது ஆர்எஸ், ஐந்தாவது ஆர்டபிள்யூ, ஆறாவது இ. ஏழு முதல் பதினான்கு வரை டி0 முதல் டி7 வரையிலான தரவு முனைகள். பதினைந்தும் பதினாறும் பின்விளக்கின் நேர்முனையும் எதிர்முனையும்.

முதலில் விளக்கையும் கான்ட்ராஸ்டையும் மட்டும் இணைத்துப் பார்த்துவிடுவது என் வழக்கம். முதல் முனையையும் பதினாறாவது முனையையும் கிரவுண்டுக்கு, இரண்டாவதை 5 வோல்ட்டுக்கு, பதினைந்தாவதை 220 ஓம் மின்தடை வழியாக 5 வோல்ட்டுக்கு இணையுங்கள். பிரீசெட்டின் இரு ஓரக்கால்களில் ஒன்றை 5 வோல்ட்டிலும் மற்றொன்றை கிரவுண்டிலும் வைத்து, நடுக்காலைத் திரையின் மூன்றாவது முனைக்குக் கொடுங்கள். மின்சாரம் கொடுத்ததும் பின்விளக்கு எரிய வேண்டும். பிரீசெட்டைச் சிறிய திருப்புளியால் மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் மேல் வரியில் பதினாறு கறுப்புக் கட்டங்கள் தோன்றும். கீழ் வரி வெறுமையாக இருக்கும். இது கோளாறு அன்று. திரை உயிரோடு இருக்கிறது, கட்டளைக்குக் காத்திருக்கிறது என்பதே அதன் பொருள். அந்தக் கட்டங்கள் மங்கலாகத் தெரியும் இடத்தில் பிரீசெட்டை விட்டுவிடுங்கள். மூன்றாவது முனையை அளந்தால் பெரும்பாலான திரைகளில் அது ஒரு வோல்ட்டுக்குக் கீழேதான் இருக்கும். ‘திரை வேலை செய்யவில்லை’ என்று என்னிடம் வந்தவற்றில் கணிசமானவை, பிரீசெட்டை அரைச் சுற்று திருப்பியதும் எழுந்துகொண்டவை.

இனித் தரவுக் கம்பிகள். எட்டுத் தரவு முனைகள் இருந்தாலும் நான்கைக் கொண்டே திரையை இயக்கலாம். ஒவ்வோர் எழுத்தும் இரண்டு தவணையாகப் போகும், அவ்வளவே. ஆர்எஸ் முனையை யூனோவின் 12க்கும், இ முனையை 11க்கும், டி4ஐ 5க்கும், டி5ஐ 4க்கும், டி6ஐ 3க்கும், டி7ஐ 2க்கும் இணையுங்கள். ஆர்டபிள்யூ முனையைக் கட்டாயம் கிரவுண்டுக்குக் கொடுக்க வேண்டும்; நாம் திரைக்கு எழுத மட்டுமே போகிறோம் என்று அது திரைக்குத் தெரிவிக்கிறது. டி0 முதல் டி3 வரை வெறுமையாக இருக்கட்டும். இந்த எண்களை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், திரையை இயக்கும் ஆயத்த நிரல்தொகுப்பான லிக்விட்கிறிஸ்டல் என்ற நூலகத்தோடு வரும் ஹலோ வேர்ல்டு எடுத்துக்காட்டு இதே முனைகளை எதிர்பார்க்கிறது என்பதே. அந்த நிரலை எதையும் மாற்றாமல் ஏற்றினால் மேல் வரியில் வணக்கமும் கீழ் வரியில் ஓடும் நொடிகளும் தெரியும். நூலகம் உங்கள் மென்பொருளில் இல்லையென்றால் நூலக மேலாளரில் தேடி நிறுவிக்கொள்ளலாம்.

நிரல் ஏறிய பின்னும் கறுப்புக் கட்டங்கள் அப்படியே நின்றால் இ முனையின் கம்பியையும் ஆர்எஸ் கம்பியையும் பாருங்கள். எழுத்துக்குப் பதில் புரியாத குறிகள் வந்தால் டி4 முதல் டி7 வரை ஏதோ இரண்டு இடம் மாறியிருக்கின்றன. பெரிய பிரெட்போர்டுகள் சிலவற்றில் பக்கவாட்டு மின்கோடு நடுவில் துண்டாகியிருக்கும். மேலே 5 வோல்ட் இருக்கும், பாதிக்குக் கீழே ஒன்றும் இருக்காது. ஓரத்தில் வரைந்திருக்கும் சிவப்புக் கோட்டில் இடைவெளி தெரிந்தால் அங்கே ஒரு சிறு கம்பியால் பாலம் போட வேண்டும்.

இரண்டையும் சேர்த்தல்

ஹலோ வேர்ல்டு நிரலையே அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதன் செட்அப் பகுதியில் அளவுகோலை மாற்றும் கட்டளையைச் சேர்த்து, திரும்பத் திரும்ப ஓடும் லூப் பகுதியில் நொடியை எழுதும் இடத்தில் நம் கணக்கைப் புகுத்தினால் நிரல் முடிந்தது. ஏ0வைப் படித்து, வந்த எண்ணை அளவுகோலால் பெருக்கி, 1024ஆல் வகுத்து, நூறால் பெருக்கினால் டிகிரி. எடுத்துக்காட்டாக, 280 என்ற எண் 1.1 வோல்ட் அளவுகோலில் 30.08 டிகிரி ஆகும்.

இந்தச் சிறிய கணக்கில்தான் புதியவர்களைத் தலைசுற்ற வைக்கும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. தசமம் வேண்டாம், முழு எண்ணே போதும் என்று கருதி, இன்ட் வகை (முழு எண்) மாறியை 110ஆல் பெருக்கி 1024ஆல் வகுக்கும்படி எழுதுவார்கள். காலையில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். 280ஐ 110ஆல் பெருக்கினால் 30,800, வகுத்தால் 30. யூனோவில் இன்ட் வகை மாறி தாங்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. உணரியின் எண் 298 ஆனதும் பெருக்கல் தொகை 32,780 ஆகி அந்த வரம்பை மீறும். மீறிய எண் மறுமுனைக்குச் சுழன்று கழித்தல் எண்ணாகிவிடும். விளைவு, 31 டிகிரி வரை ஒழுங்காகக் காட்டிய வெப்பமானி, 32ஐத் தொட்டதும் −31 என்று காட்டும். மார்கழியில் செய்து முடித்துப் பெருமையோடு மாட்டி வைத்த கருவி பங்குனிப் பகலில் பனிக்கட்டியைவிடக் குளிர்ந்திருப்பதாகச் சொன்னால், உணரியைக் குறை கூறிப் பயனில்லை. பெருக்கும் எண்ணை 110.0 என்று புள்ளியோடு எழுதி, விடையை ஃப்ளோட் வகை (தசம எண்) மாறியில் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு: முதலில் 1024ஆல் வகுத்துவிட்டுப் பிறகு பெருக்கினால், முழு எண் வகுத்தலில் மீதி எல்லாம் உதிர்ந்து எப்போதும் சுழியமே வரும்.

திரையில் எழுதும்போது செட்கர்சர் கட்டளையில் முதலில் வருவது நெடுவரிசை, அடுத்து வரி. இரண்டும் சுழியத்திலிருந்து எண்ணப்படும். கீழ் வரியின் தொடக்கம் 0, 1. ஒவ்வொரு சுற்றிலும் கிளியர் கட்டளையால் திரையைத் துடைத்து எழுதினால் எழுத்துகள் மினுக்கும். துடைக்காமல் அதே இடத்தில் மேலெழுதிவிட்டு, எண்ணுக்குப் பின் இரண்டு வெற்றிடங்களை எழுதினால் போதும், 100.2 என்பது 99.8 ஆகக் குறையும்போது பழைய கடைசி இலக்கம் வாலாக ஒட்டிக்கொண்டு நிற்காது. எழுதியபின் அரை நொடி முதல் ஒரு நொடி வரை காத்திருக்கச் சொல்லுங்கள். அதைவிட விரைவாக மாறும் எண்ணை யாராலும் படிக்க முடியாது.

டிகிரி வட்டத்தை விசைப்பலகையில் இருந்து அடித்தால் திரையில் வேறு ஏதோ வரும். அதற்கு 223 என்ற எண்ணை எழுத்தாக அனுப்ப வேண்டும். அந்த இடத்தில் உள்ளது உண்மையில் டிகிரி வட்டமே அன்று. ஜப்பானியக் கதகனா எழுத்துகளோடு சேர்த்து எழுதும் ஒரு குறி. சில்லை உருவாக்கியவர்கள் ஜப்பானியர் ஆகையால் கதகனாவுக்கு இடம் கிடைத்தது, தமிழுக்கு இல்லை. நாமே வரைந்து சேர்த்துக்கொள்ள எட்டு எழுத்துகளுக்கு இடம் தந்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றும் அகலத்தில் ஐந்து, உயரத்தில் எட்டுப் புள்ளிகள்தான். ப, ட போன்றவை அழகாக அமையும். ‘ணை’ எழுத முயன்று நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

எண் நிலைகொள்ளாதபோது

இப்போது திரையில் 30.1, 30.4, 29.9 என்று எண் ஆடிக்கொண்டிருந்தால் அது இயல்பே. பதினாறு முறை படித்துக் கூட்டிச் சராசரி எடுத்தால் ஆட்டம் பெருமளவு அடங்கும். ஓர் அளவீட்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிநொடிதான் ஆகிறது. பதினாறும் சேர்ந்து இரண்டு மில்லிநொடிகூட ஆவதில்லை. அதிகபட்சம் 1023 வீதம் பதினாறைக் கூட்டினாலும் 16,368. இன்ட் வரம்புக்குள் அடங்கும். நாற்பது ஐம்பது என்று கூட்ட விரும்பினால் லாங் வகை (பெரிய முழு எண்) மாறி வேண்டும்.

ஆட்டம் இல்லாமல், ஆனால் திரையை இணைத்த பிறகு எண் மட்டும் சற்று இடம்பெயர்ந்து நின்றால் கிரவுண்டுக் கம்பியைச் சந்தேகியுங்கள். மல்டிமீட்டர் 0.300 என்கிறது, திரை 30.2 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரையும் உணரியும் ஒரே மெல்லிய ஜம்பர் கம்பி வழியாக யூனோவின் கிரவுண்டுக்குப் போனால், பின்விளக்கின் மின்னோட்டமும் அதே கம்பியில் பாயும். 20 மில்லிஆம்பியர் மின்னோட்டம் 0.1 ஓம் தடையைக் கடந்தால் 2 மில்லிவோல்ட் உண்டாகும். டிஜிட்டல் கருவிகளுக்கு அது தூசு, நமக்கோ 0.2 டிகிரி. யூனோவில் கிரவுண்டு முனைகள் மூன்று இருப்பதை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். திரைக்கு ஒன்று, உணரிக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் அந்த இடப்பெயர்ச்சி மறைந்துவிடும். பின்விளக்குக் கம்பியைப் பிடுங்கும்போது எண் மாறுகிறதா என்று பார்ப்பதே இதற்கு எளிய சோதனை.

சரிபார்த்தல்

திரை காட்டும் டிகிரியை, அதே கணத்தில் உணரியின் நடுக்காலில் மல்டிமீட்டர் காட்டும் மில்லிவோல்ட்டோடு ஒப்பிடுங்கள். தொடக்கத்தில் தாளில் குறித்த எண்ணையும் பாருங்கள். இரண்டும் 0.2 டிகிரிக்குள் ஒத்துப்போனால் யூனோவும் நிரலும் சரி. உணரியே சரியா என்பது தனிக் கேள்வி. எல்எம்35 டிஇசட் உணரியில் 25 டிகிரியில் பொதுவாக 0.6 டிகிரி வரை பிழை இருக்கலாம். விவரத்தாள் அனுமதிக்கும் உச்சம் 1.5.

பனிக்கட்டி நீரிலும் கொதிநீரிலும் வைத்துச் சோதிக்கச் சொல்வதுண்டு. இந்த இணைப்புக்கு நான் இரண்டையும் பரிந்துரைப்பதில்லை. ஒற்றை மின்வழங்கலில் எல்எம்35 ஏறத்தாழ 2 டிகிரிக்குக் கீழே நேர்மையாக இறங்காது என்பதால் பனிக்கட்டியில் அது தவறுவது அதன் குற்றமாகாது. கொதிநிலையோ ஊருக்கு ஊர் வேறு. சென்னையில் 100 டிகிரி என்றால் இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே உள்ள உதகமண்டலத்தில் 92, 93தான். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் அதுவே சிறந்த துணை. ஒரு பெரிய டம்ளரில் கை பொறுக்கும் சூட்டில் நீர் எடுத்து, உணரியின் கால்களுக்குக் கம்பி சால்டர் செய்து ஸ்லீவ் போட்டு, மெல்லிய பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, தெர்மாமீட்டரோடு சேர்த்து நீரில் வைத்துக் கலக்கிக்கொண்டே இருங்கள். பையில் காற்று இருந்தால் உணரி நீரின் சூட்டை எட்ட நேரமாகும்; மூன்று நான்கு நிமிடம் பொறுத்து இரண்டு எண்களையும் குறியுங்கள். 40, 38, 36 என்று நீர் ஆறும்போது மூன்று இடங்களில் ஒப்பிட்டு, வேறுபாடு எங்கும் ஒரே அளவாக, 0.7 என்பது போல, இருந்தால் அதை நிரலில் கழித்துவிடலாம்.

நிரந்தரமாக மாட்டும்போது உணரியைப் பலகையின் அருகில் வைக்காதீர்கள். இந்த வகைப் பிளாஸ்டிக் உறையில் வெப்பம் உள்ளே போவது முக்கியமாகக் கால்கள் வழியேதான். பிரெட்போர்டில் யூனோவை ஒட்டிச் செருகிய எல்எம்35 அறையை அளப்பதைவிடப் பலகையையே அதிகம் அளக்கிறது. ஓர் அடி கம்பி நீட்டினாலே வேறுபாடு தெரியும். ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் நீட்டுவதானால், நீண்ட கேபிளின் மின்தேக்கத்தைத் தாங்காமல் உணரியின் வெளியீடு அலைபாயத் தொடங்கலாம். உணரியின் முனையிலேயே நடுக்காலுக்கும் கேபிளுக்கும் இடையே 2 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வரிசையில் சேர்த்துவிட்டால் அது அடங்கிவிடும். யூனோவின் அனலாக் முனைக்கு 10 கிலோ ஓம் வரையிலான தடை ஏற்புடையது என்பதால் அளவீடு அதனால் கெடாது.